மனந்திரும்புதலும் சமூக அமைப்பும்: யாழ்ப்பாணத்துச் சுவிசேஷக் கிறிஸ்தவம் பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய புரட்டஸ்தாந்து மிஷனரிமார் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றை ஒருசேர நோக்கின், அவை பெரும்பாலும் இரு தடங்களில் அடங்கிவிடுவதைக் காணலாம். ஒரு சாரார் பட்டியல் தருவர்: அகராதி, அச்சகம், பத்திரிகை, பெண்கல்வி, மேனாட்டு வைத்தியம், உரைநடை வளர்ச்சி என அப்பட்டியல் நீளும். மறுசாரார், முற்போக்கு எழுத்தாளர் பலர் உட்பட, மிஷனரிமாரை ஏகாதிபத்தியத்தின் முன்னணிப் படையினராகக் கண்டு அத்துடன் அமைவர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். அம்மனிதர் எதற்காகக் கடல் கடந்து வந்தனரோ அதனை, அதாவது அவர்களது விசுவாசத்தை, இருவருமே பொருட்படுத்துவதில்லை. ஒருவருக்கு அது அகராதிக்குப் பின்னால் மறைந்து நிற்கும் தனிப்பட்ட பக்தி. மற்றவருக்கு வெறும் முகமூடி.

மதத்தை இவ்வாறு முகமூடியாகக் கொள்வது மார்க்சிய நோக்கு ஆகாது. 1844இல் மார்க்ஸ் மதம் பற்றி எழுதிய புகழ்பெற்ற பந்தியில் அபினி பற்றிய வாசகம் மட்டும் நம்மிடையே நடமாட, அதனை அடுத்து நிற்கும் வாசகங்கள் பலர் கண்ணிற் படாமற் போயின. எங்கெல்ஸ் தமது இறுதிக் காலத்தில், 1894இல், ஆதிக் கிறிஸ்தவத்தின் வரலாற்றைத் தனியே ஆராய்ந்தார். இங்கிலாந்தின் தொழிலாள வர்க்க உருவாக்கம் பற்றி 1963இல் நூல் எழுதிய ஈ. பி. தொம்சன், மெதடிஸ்த சபையின் ஜெபக்கூட்டத்தையும் பாட்டையும் அழுகையையும் விட்டுவிட்டு அவ்வரலாற்றை எழுத முடியாதென உணர்ந்திருந்தார். அவர் மெதடிசத்தின் மீது கடுமையான தீர்ப்பையே வழங்கினார். எனினும் அத்தீர்ப்பு அதன் உள்ளடக்கத்தைப் பரிசீலித்த பின் வழங்கப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா ஒன்றே. தனிமனிதனின் மனந்திரும்புதலை மையமாகக் கொண்ட ஒரு மதம், தனிமனிதன் என்ற ஒருவனுக்கு இடமே இல்லாத ஒரு சமூகத்துள் வந்தபோது நிகழ்ந்தது யாது?

சுவிசேஷ மார்க்கம் என இங்கு நாம் குறிப்பது கிறிஸ்தவத்தினுள் எழுந்த ஒரு குறிப்பிட்ட இயக்கத்தையேயாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் வட அமெரிக்கக் குடியேற்றங்களிலும் அது எழுந்தது. வேதாகமமே இறுதிப் பிரமாணம். சிலுவை மரணமே மீட்பின் வழி. ஒவ்வொருவரும் தம் பாவத்தைத் தாமே உணர்ந்து மனந்திரும்பி மறுபிறப்பு அடைதல் வேண்டும். அவ்வாறு அடைந்தவர் அதனைப் பிறருக்கு அறிவியாது இருத்தலாகாது. இவை அவ்வியக்கத்தின் அடிப்படைகள். பிறப்பினாலோ, குழந்தைப் பருவ ஞானஸ்நானத்தினாலோ, குருவானவரின் ஆசீரினாலோ ஒருவர் மெய்க் கிறிஸ்தவர் ஆகிவிடுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் கிறிஸ்தவர் யாவரும் ‘வேதக்காரர்’. ‘வேதத்திற் சேர்தல்’ என்பது ஒரு கூட்டத்தை விட்டு மறு கூட்டத்திற் சேர்தலையே ஊரார்க்கு உணர்த்திற்று. மிஷனரிமாரோ சேர்தலைப் பற்றியன்றித் திரும்புதலைப் பற்றியே பேசினர். இச்சொல் வேறுபாட்டுள் பின்னர் நிகழ்ந்தவற்றிற் பெரும் பகுதி அடங்கியுள்ளது.

ஒல்லாந்தர் காலத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியிற் சபை என்பது பெரும்பாலும் பதிவேடாகவே இருந்தது. பாடசாலைத் தோம்புகளிற் பிறப்பும் விவாகமும் பதியப்பட்டன. பிள்ளைகள் பாடசாலைக்கு வராதவிடத்துக் குற்றப்பணம் அறவிடப்பட்டது. அரச பதவி வேண்டுவோர் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். இந்நிலையில் யாழ்ப்பாணத்தவர் செய்ததை விவேகமான செயல் என்றே கூறவேண்டும்: பெயரைத் தோம்பிற் பதிவித்தனர், வீட்டில் விபூதி தரித்தனர். 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாகிக் கட்டாயம் நீங்கியதும் அச்சபை ஏறத்தாழ முழுவதும் கரைந்துபோயிற்று. இருபது ஆண்டுகளின் பின் சுவிசேஷ மிஷனரிமார் வந்தபோது, கூரையற்றுப் பாழடைந்து கிடந்த பழைய கோவில்களையே தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கண்டனர். அவற்றைத் திருத்தி அவற்றிலேயே குடியமர்ந்தனர். கட்டடத்தை ஏற்றனராயினும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பெயரளவுக் கிறிஸ்தவத்தை அவர்கள் முற்றாக நிராகரித்தனர். தோம்புக்காரரைப் போல எண்ணிக்கையைப் பெருக்குவது அவர்தம் நோக்கமாக இருக்கவில்லை. சபையிற் சேர விரும்பியோரை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், காத்திருக்கச் செய்து பரிசோதித்தனர்.

வந்தவர் ஒரே சபையினர் அல்லர். 1814இல் வெஸ்லியன் மெதடிஸ்தரும், 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும், 1818இல் அங்கிலிக்கன் திருச்சபையின் மிஷனரிச் சங்கத்தாரும் வந்தனர். இவருள் அமெரிக்கரே யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஆழ ஊன்றியவராதலின், நமது ஆய்வும் பெரும்பாலும் அவர்களையே பற்றிச் செல்லும். இவர்களை ஆங்கில ஏகாதிபத்தியத்தின் நேர் முகவர்களாகக் கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1812ஆம் ஆண்டுப் போரில் இங்கிலாந்துடன் பொருதிய ஒரு குடியரசின் பிரசைகள் இவர்கள். இலங்கை அரசாங்கம் இவர்களை ஐயத்துடனேயே நோக்கிற்று. 1820இல் மிஷனுக்கு அச்சாளராக வந்த யேம்ஸ் கரெற் என்பவர், அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த பார்ன்ஸினால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அமெரிக்க மிஷனின் அச்சு முயற்சி இதனாற் பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது. ஆட்சியாளரோடு இவர்களுக்கிருந்த உறவு நலன்களின் பொதுமையால் நாளடைவில் விளைந்ததேயன்றி, கட்டளையும் கீழ்ப்படிவுமாகத் தொடங்கியது அன்று.

இவர்களை அனுப்பிய அமெரிக்கச் சங்கம் 1810இல் மசச்சூசெற்ஸில் தோன்றியது. நியூ இங்கிலாந்தின் சிறு விவசாயிகள், கைவினைஞர், கடைக்காரர், அவர்தம் பெண்கள் ஆகியோர் சிறுகச் சிறுகச் சேர்த்த காசே அதன் முதல். டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங் முதலானோர் இச்சூழலில் உருவானவர். அவர்களது சபைமுறையில் ஆயர் இல்லை, மேலதிகாரமும் இல்லை. மனந்திரும்பியோர் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்து கூடுவதே சபை. புதிதாகச் சேர வருபவர் தமது உள்ளத்தில் நிகழ்ந்ததை ஏனையோர் முன் எடுத்துரைப்பர். கூடியிருப்போர் அதனை ஏற்பர் அல்லது மறுப்பர். சொந்த நிலமும் சொந்தக் கலப்பையும் உடைய, தன் உழைப்பின் பயனைத் தானே சந்தைக்குக் கொண்டுசெல்லும் ஒருவனுக்கு இம்முறை இயல்பானது. பிறர் தயவின்றி வாழ்வோன் பிறர் துணையின்றிக் கடவுள்முன் நிற்கவும் கூசான். சிறு உடைமையாளரின் வாழ்வனுபவமே இங்கு மீட்பின் இலக்கணமாயிற்று எனலாம்.

இத்தகைய தனிமனிதனை யாழ்ப்பாணத்தில் எங்கே காண்பது? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையை வாசிப்போர்க்கு ஒன்று தெற்றெனப் புலப்படும். அங்கே முதுசம் உண்டு, சீதனம் உண்டு, தேடியதேட்டம் உண்டு, அடிமைகளும் உண்டு. ஒருவன் இன்ன குடியிற் பிறந்தவன், இன்னாருக்குக் கடமைப்பட்டவன், இன்னாரிடம் கடமை பெறுபவன் என்பதற்கு அப்பால் ‘ஒருவன்’ என்பதற்குப் பொருளில்லை. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் வெள்ளாள நிலவுடைமையாளரின் அடிமைகளாகச் சட்டத்திலேயே இடம் பெற்றிருந்தனர். இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். அதாவது அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் வரை, அவர்கள் பிரசங்கித்த திண்ணைகளும் மரநிழல்களும் ஆண்டானும் அடிமையும் வாழ்ந்த ஒரு சமூகத்திற்கு உரியனவாகவே இருந்தன.

இந்நிலையில் ஒரு வெள்ளாள இளைஞன் மனந்திரும்பினான் என்றால் அவன் இழப்பது விபூதியை மட்டுமன்று. சீதனம் தரும் இடம், முதுசத்தில் உள்ள பங்கு, செத்தவீட்டிற் கூடும் சுற்றம், வண்ணானும் அம்பட்டனும் வரும் உரிமை ஆகிய யாவும் ஆட்டம் காணும். மிஷனரிமார் இதனை விரைவில் உணர்ந்தனர். உடைமையும் உறவும் இல்லாத ஆன்மா உலகில் நிலைக்காது. ஆகவே பதிலுக்கு ஓர் உறவுமுறையை அவர்களே ஆக்கித்தர வேண்டியதாயிற்று. விடுதிப் பாடசாலையின் உண்மையான வரலாற்றுப் பணி இதுவே என்பது நமது கருத்து. பிள்ளை சிறு வயதிலேயே வீட்டிலிருந்து பெயர்க்கப்பட்டான். அவனது உணவுக்கும் உடைக்கும் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர் அவனுக்குச் சூட்டப்பட்டது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை எனத் தமிழிலக்கிய வரலாற்றில் நாம் வியப்போடு வாசிக்கும் பெயர்கள் இவ்வாறு வந்தனவே. 1841இல் உதயதாரகை தொடங்கியபோது அதன் ஆசிரியராயிருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழரே. பெயருக்குப் பின் மணம். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிற் கற்று முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் வழங்கிற்று. சீதனம் என்ற நிறுவனத்தை மிஷன் எதிர்க்கவில்லை. தானே தாய்வீடாக நின்று அதனை நிறைவேற்றிற்று. பின்னர் உத்தியோகம்: உபதேசியார், ஆசிரியர், அச்சகப் பணியாளர், வைத்திய உதவியாளர். பிறப்பு முதல் தொழில் வரை ஒரு முழு வாழ்வு மிஷன் வளவுக்குள் வகுக்கப்பட்டது. இவ்வாறு ஒரு புதிய குடி உருவாயிற்று. ‘குடி’ என்ற சொல்லை நாம் தெரிந்தே பயன்படுத்துகிறோம்.

அப்புதிய குடியுட் புகுந்தோர் யாவர் என்பது அடுத்த வினா. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி ஆசியாவின் அக்காலச் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்று. கணிதமும் வானசாஸ்திரமும் தருக்கமும் தமிழிலக்கணமும் ஆங்கிலமும் அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றோரே. ஆனால் மிஷன் விடுதிகள் தொடங்கிய காலத்தில் முதலில் எழுந்த சிக்கல் வானசாஸ்திரம் பற்றியதன்று, அடுப்பைப் பற்றியது. மிஷனரிமாரின் வளவிற் சமைத்ததை உண்ண வெள்ளாளப் பிள்ளைகள் மறுத்தனர். மிஷன் இணங்கிற்று. வெள்ளாளச் சமையற்காரர் அமர்த்தப்பட்டனர். சமையலும் உணவும் விலகிய இடத்தில் நடைபெற்றன. காலப்போக்கில் இவ்வேற்பாடு தளர்ந்தது உண்மை. ஆயினும் அடுப்பு யாருக்காக விலகி வைக்கப்பட்டதோ அவர்களே பாடசாலையின் மாணாக்கராயினர். அடுப்பண்டை வரமுடியாதோர் வகுப்பறைக்கும் வரமுடியவில்லை.

இதனை மிஷனரிமாரின் கோழைத்தனம் என்றோ வஞ்சகம் என்றோ கூறி முடித்தல் எளிது. அவ்வாறு கூறுதல் தவறு. அவர்கள் சாதியை மெய்யாகவே வெறுத்தனர். திருவிருந்திற் பொதுக் கிண்ணத்தில் வாய்வைக்க மறுப்போருக்குச் சபையில் இடமில்லை என்பதில் அவர்கள் பெரும்பாலும் உறுதியாக நின்றனர். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அது சிறு விடயமன்று. சிக்கல் அவர்களது உள்ளத்தில் இருந்ததன்று, இறையியலில் இருந்தது. அதனைக் காண யாழ்ப்பாணத்தை விட்டு ஒருகணம் அவர்களது தாயகத்தை நோக்கவேண்டும்.

1840களில் அமெரிக்காவில் அடிமைமுறை பற்றிய வாதம் உச்சநிலையை எய்தியிருந்தது. அமெரிக்கச் சங்கம் செரோக்கி, சொக்ரோ என்னும் பூர்வகுடியினரிடையேயும் சபைகளை நிறுவியிருந்தது. அச்சபையினருட் சிலர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தனர். அவர்களைச் சபையில் வைத்திருத்தல் தகுமா? 1845இற் புறூக்ளினிற் கூடிய சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் இவ்வினா நீண்ட வாதத்திற்கு உள்ளாயிற்று. அடிமை உடைமை தீமையே. ஆனால் அது சமூகத்தின் அமைப்பிலேயே ஊறிய தீமை. அத்தகைய அமைப்புள் பிறந்த ஒருவர் மெய்யாக மனந்திரும்பியிருப்பின், அடிமை வைத்திருத்தல் என்ற ஒரு காரணத்திற்காக மட்டும் அவரைச் சபைக்குப் புறம்பாக்க வேண்டியதில்லை. சுவிசேஷம் உள்ளங்களில் வேரூன்ற, அமைப்பும் மெல்ல மாறும். இதுவே கூட்டத்தில் மேலோங்கிய கருத்து. சாதியும் பலதார மணமும் இதே வகையிற் சேர்த்து எண்ணப்பட்டன. இவ்விணக்கத்தைப் பொறாத அடிமையொழிப்பாளர் பிரிந்து சென்று 1846இற் புறம்பானதொரு மிஷனரிச் சங்கத்தை அமைத்தனர்.

நியூ இங்கிலாந்தின் அடிமைமுறை வாதமும் வட்டுக்கோட்டை அடுப்பும் ஒரே தருக்கத்தின் இரு நிகழிடங்கள் என்பதை நமது ஆய்வாளர் போதிய அளவு கவனிக்கவில்லை. சுவிசேஷ மார்க்கத்திற் பாவம் என்பது ஒருவன் செய்வது, ஒருவன் உணர்வது, ஒருவன் விடுவது. குடித்தல், பொய்யுரைத்தல், விக்கிரகத்தை வணங்குதல், ஓய்வுநாளிற் கமம் செய்தல் ஆகிய யாவும் இவ்விலக்கணத்தில் அடங்கும். சபை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் முடியும். நிலவுடைமை எவ்வாறு அடங்கும்? தன் பாட்டன் காலம் முதல் நளவக் குடும்பம் ஒன்றின் உழைப்பிலே வாழ்ந்துவரும் ஒருவன், அதனை எந்நாளிலும் ‘செய்ததில்லை’. அவன் அதனுட் பிறந்தான். அறிக்கையிடுவதற்கு அவனிடம் ஒரு செயலும் இல்லை. ஆகவே அவன் கண்ணீரோடு மனந்திரும்பலாம்; உண்மையாகவே திரும்பலாம்; அவனது காணியில் ஒரு வரம்பும் அசைய வேண்டியதில்லை.

தென்னிந்தியத் திருச்சபைகளில் இவ்விடயம் வெளிப்படையான மோதலாயிற்று. கல்கத்தாவின் ஆயர் டானியல் வில்சன் 1833இற் சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக நீங்கவேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். 1850இற் சென்னை மிஷனரிமாரின் மாநாடு சாதிக்கு எதிரான கடுமையான தீர்மானத்தை வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 1829இல், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிமாரின் சாதி எதிர்ப்பைக் கண்டித்து எழுதியிருந்தார். சாதி உலக வழக்கு, விசுவாசத்தோடு தொடர்பற்றது என்பதே அவர் வாதத்தின் சாரம். யாழ்ப்பாணம் முதலாகத் தமிழ்ச் சபைகள் எங்கும் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளுட் பல அவர் இயற்றியவை. அதனால் அவற்றின் பக்திச்சுவை குறைந்துவிடாது. உள்ளத்தின் உருக்கமும் சமூகத்தின் இறுக்கமும் ஒரே மனிதரிடம் முரண்பாடின்றிக் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இவ்வாறான மோதல் பெரிதாக எழவில்லை. காரணம், மோதுவதற்கு வேண்டிய இரு தரப்பாரும் ஒரே சபையில் இருந்தமை அரிது. சபையின் முதுகெலும்பு வெள்ளாளராகவே அமைந்தது. தென்னிந்தியாவின் திருநெல்வேலியிற் போலத் தாழ்த்தப்பட்டோர் ஊர் ஊராகச் சேர்ந்த வரலாறு இங்கு நிகழவில்லை. உயர் சாதியினர் உத்தியோகக் கல்விக்காக வந்தனர். கிடைத்தபின் அவருட் பலர் சைவத்திற்கு மீண்டனர். தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அவ்வாறு மீண்டவர்களே. 1855இற் சங்கச் செயலாளர் றூபஸ் அன்டர்சனின் வருகையை அடுத்துச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மனந்திரும்பியோரை அன்றி எழுதுவினைஞரையே உருவாக்குகிறது என்பது அவர் கண்ட உண்மை. விசுவாசத்தின் பேரால் மூடப்பட்ட அவ்வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அதனை வேண்டி நின்றோர் இந்நாட்டுப் பழைய மாணாக்கரே. அரும்பிவந்த மத்தியதர வர்க்கம் தனது தேவையைத் தானே அறிந்திருந்தது.

அவ்வாறாயின் சுவிசேஷ விசுவாசம் இங்கு எதனையும் மாற்றவில்லையா? மாற்றிற்று, ஆனால் எதிர்பாராத இடத்தில். 1824இல் மிஷன் நிலையங்களில் ஓர் எழுப்புதல் நிகழ்ந்தது. பிள்ளைகள் இரவிற் கூடி ஜெபித்தனர், அழுதனர், தம் பாவங்களை அறிக்கையிட்டனர். அக்காலத்து மிஷனரிக் கடிதங்களில் இந்நிகழ்ச்சி மகிழ்ச்சியோடு பேசப்படுகிறது. ஒரு மாணவன் எழுந்து நின்று தன் உள்ளத்தில் நடந்ததைத் தன் சொற்களில், செய்யுளன்றி வசனத்தில், பலர் அறியக் கூறுதல் என்பது தமிழுக்குப் புதியதொரு பேச்சு வகை. பக்திப் பாடல்களில் ‘நான்’ உண்டு; ஆயினும் அந்த ‘நான்’ மரபு வகுத்த பாடுவோன். இங்கே வந்தவனோ தேதியும் இடமும் உடையவன்: இன்ன நாளில், இன்ன இடத்தில், எனக்கு இது நிகழ்ந்தது. சாட்சி, பிரசங்கம், துண்டுப்பிரசுரம், வினாவிடை, நாட்குறிப்பு, பத்திரிகைக் கடிதம் ஆகியன யாவும் இவ்வேரிலிருந்து கிளைத்தன. உரைநடையின் வளர்ச்சியை அச்சுப்பொறியின் வருகையால் மட்டும் விளக்குவோர் இதனையும் சேர்த்து நோக்குதல் நன்று.

இவ்வடிவங்களை முழு வலிமையோடு கைக்கொண்டவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது வரலாற்றின் விசித்திரம். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகம மொழிபெயர்ப்பிற் பங்குகொண்ட ஆறுமுக நாவலர், 1847இன் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிற் பிரசங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலை, பின்னர் அச்சியந்திரசாலை, பாலபாடம், சைவ வினாவிடை, 1854இற் சைவதூஷண பரிகாரம் என அவரது பணிகள் தொடர்ந்தன. வாரந்தோறும் பிரசங்கம், சிறுவருக்கு வினாவிடை, நூலே பிரமாணம், அனுட்டானத்தைப் பொருளறிந்து செய்தல் வேண்டும் என்ற வற்புறுத்தல் ஆகியவற்றை நோக்குமிடத்து, சுவிசேஷ சபையின் வடிவம் ஏறத்தாழ முழுவதும் சைவத்தினுட் பெயர்ந்திருப்பதைக் காண்கிறோம். பெயராதது ஒன்றுண்டு. கடவுள்முன் யாவரும் ஒரே கிண்ணத்தில் அருந்தும் அச்சடங்கிற்கு நிகரானது எதுவும் அங்கு இடம்பெறவில்லை. நாவலர் அதனை வேண்டவும் இல்லை. மிஷனரிமாரிடம் கோட்பாடாக இருந்து நடைமுறையில் தளர்ந்தது, நாவலரிடம் கோட்பாட்டிலேயே இல்லாதிருந்தது.

சபை வாழ்வு பற்றிப் பேசுகையிற் பெண்களை விட்டுச் செல்லலாகாது. எலைசா அக்னியு உடுவிலில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். தாய், மகள், பேர்த்தி என ஒரே குடும்பத்தின் தலைமுறைகள் அவரிடம் பயின்றன. எழுத்தறிந்த பெண் தேவரடியாளாகவே இருக்க முடியும் என ஊரார் கருதிய காலம் அது. சோறு சமைக்குந்தோறும் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தைக் கைக்கொண்டோரும் பெண்களே. 1832இல் உருவான சுதேச சுவிசேஷ சங்கம் தீவுப் பகுதிகளுக்கு ஊழியரை அனுப்பியது இத்தகைய உள்ளூர்க் காணிக்கைகளைக் கொண்டே. தன் பெயரிற் காணி இருந்தும் அதனைக் கணவன் சம்மதமின்றி ஈடுவைக்க இயலாத ஒரு பெண், தன் கைப்பிடியளவு அரிசியைத் தானே தீர்மானித்து வழங்கினாள். கூட்டத்தில் எழுந்து ஜெபித்தாள். விசுவாசத்தின் வரலாற்றுப் பெறுபேற்றை மதிப்பிடுவோர் இவ்வரிசியையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தமை பற்றி ஏலவே பலர் விரிவாக எழுதியுள்ளமையால் அதனை இங்கு தவிர்க்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் சாதிக்கெதிரான குரல் சபையின் பிரசங்க பீடத்திலிருந்து எழுந்ததிலும் பார்க்க, சபையின் கல்லூரி வளவில் வளர்ந்து சபைக்கு வெளியே சென்றோரிடமிருந்தே வலுவாக எழுந்தது. 1924இல் அமைந்த மாணவர் காங்கிரஸ், பின்னர் இளைஞர் காங்கிரஸ், அதன் முன்னின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஆகியோரை நினைத்தல் தகும். சமபந்திப் போசனம் அவர்களுக்கு அரசியற் செயல். அவர்கள் மனந்திரும்புதலைக் கோரவில்லை. பக்கத்தில் இருந்து உண்ணுமாறு கோரினர். 1930ஆம் ஆண்டளவில் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என அரசாங்கம் பணித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளை நிலத்தில் இருத்துவதற்கு மிஷன் பாடசாலைகளும் முற்றிலும் விலக்காக இருக்கவில்லை. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட சுவிசேஷப் பணியின் பின்னர் ஒரு வாங்கு தரவேண்டியிருந்தது, அதற்கும் அரசாணை தேவைப்பட்டது. 1816இல் அமெரிக்க மிஷனின் முதல் நிலையம் அமைந்த தெல்லிப்பழைக்கு அண்மையிலேயே மாவிட்டபுரம் உள்ளது. 1968இல் அங்கு ஆலயப் பிரவேசம் கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் கோவில் வாசலில் நின்றபோது, அவர்களோடு நின்றது தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம். அப்போராட்டத்தின் இலக்குச் சைவக் கோவிலே. தேவாலயங்களின் வாசல்கள் திறந்திருந்தன என்பர். உண்மை. வாசல் திறந்திருந்தமையாலேயே உள்ளே எவர் எந்த வாங்கில் இருந்தனர், எவர் எவரை மணந்தனர் என்ற வினாக்கள் போராட்டமாக உருப்பெறாமற் போயின.

சபையினுள்ளிருந்தே இக்குறையை உணர்ந்தோர் இருந்தனர். தெல்லிப்பழையிற் பிறந்த டி. ரி. நைல்ஸ் (1908–1970) மெதடிஸ்த மரபின் சுவிசேஷகர். 1948இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது ஆரம்ப ஆராதனையிற் பிரசங்கித்தவருள் ஒருவர். 1968இல் உப்சலாவிற் கூடிய அதன் பேரவையில், கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங் பேசவிருந்த இடத்தில் நின்று பேசியவரும் அவரே. தனிமனித மீட்பு, சமூக நீதி என்ற பிரிவினை அவரது சிந்தனையில் தளர்வதைக் காணலாம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயம் சபை வேறுபாடுகளைக் கடக்க முயன்றது. நாலு சபைப் பெயர்களை ஒன்றாக்குவது, ஒரு சபைக்குள் இரு சாதியினரை மணமுடித்து வைப்பதிலும் எளிதாக இருந்தது.

சுவிசேஷ மார்க்கத்தின் வேறொரு கிளை இன்று வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பரவியுள்ளது. 1924இல் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் முதலாகப் பல சுயாதீன சபைகள் இதில் அடங்கும். 1983 முதல் 2009 வரையான போரின் இடப்பெயர்வும் இழப்பும் இவற்றிற்கு மக்களைக் கொணர்ந்தன. தகரக் கொட்டகையில் இயங்கும் ஜெபவீட்டில் ஆர்னல்ட், கறல் போன்ற பெயர்களோ உத்தியோகமோ கிடைப்பதில்லை. சுகப்படுத்தலும் சாட்சியும் கிடைக்கின்றன. காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் எழுந்து நின்று உரத்துக் கூறக்கூடிய இடம், போருக்குப் பின்னான கிராமத்தில் வேறு எத்தனை உண்டு? பழைய சபைகள் இச்சபைகளை ஏளனத்தோடு நோக்குகின்றன. சைவ அமைப்புகள் ‘மதமாற்றிகள்’ எனக் கொதிக்கின்றன. 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொணர்ந்தபோதும் இதே சொற்களே சிங்களத்தில் ஒலித்தன. 2019 ஏப்பிரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டபோது, அத்தகைய சபைகள் எவை, அங்கு கூடுவோர் எவர் என்பது பலருக்கு முதன்முறையாகத் தெரியவந்தது.

ஒடுக்கப்பட்டோரும் ஏழைகளும் பெருமளவிற் சேரும் இப்புதிய சபைகள் பழைய தருக்கத்தையே மீண்டும் நிகழ்த்துமா, அல்லது கீழிருந்து வந்தோர் கையில் அத்தருக்கம் வேறாகுமா என்பதை அறியக் களஆய்வு வேண்டும். பழைய சபைகளைப் பொறுத்தவரை ஆய்வுக்குரிய மூலங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள. ஞானஸ்நானப் பதிவேடு ஒருவர் எப்போது மனந்திரும்பினார் என்பதைக் கூறும். விவாகப் பதிவேட்டில் அவருடைய பிள்ளை எவ்வூரில், எவ்வீட்டிற் பெண் கொண்டான் என்பது இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு சபைக்கேனும், 1820களிலிருந்து இன்றுவரை எவரேனும் வாசித்தல் வேண்டும். கறையான் அரித்தவை போக, போரில் எரிந்தவை போக எஞ்சிய ஏடுகள் இப்போதே படியெடுக்கப்படாவிடின் அவ்வாய்வு எக்காலத்தும் நடைபெறாது.